நார் திரிக்கும் கையில் ஆதிமனிதரின் மனம் தெரியுமா?

மரப்பட்டை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சில மாதங்களாகக் கற்றாழை நாரில் கயிறு திரிக்கப் பழகி வருகிறேன். ராட்டை கிடையாது, கொக்கி கிடையாது. தொடையும் உள்ளங்கையும் மட்டும்தான். இப்போதெல்லாம் கை தானாக ஓடுகிறது. மனம் எங்கெங்கோ போய்விட்டு வருகிறது.

பிரான்சில் ஆப்ரி து மாரா என்ற பாறை ஒதுக்கில் கிடைத்த கயிற்றுத் துணுக்கைப் பற்றி அண்மையில் படித்தேன். 2020-ல் வெளியான ஆய்வு அது. நம் இனத்துக்கு நெருங்கிய, அழிந்துபோன மனித இனமான நியாண்டர்தால் மனிதர்கள் திரித்தது. 41,000 முதல் 52,000 ஆண்டுகள் பழையது. மொத்த நீளமே 6 மில்லிமீட்டர்தான். அதைத் திரிக்க ஜோடி, தொகுதி, எண் ஆகியவற்றைப் பற்றிய புரிதல் வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். படித்தபோது அவ்வளவு மகிழ்ச்சி. பிறகுதான் ஒரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. நான் திரிக்கும்போது எதையும் எண்ணுவதே இல்லையே! என் கை செய்வதைப் பார்த்து ஒருவர் என் தலைக்குள் கணிதம் ஓடுகிறது என்று சொன்னால் எப்படி நம்புவது?

ஒரு கைவேலையைக் கொண்டு அதைச் செய்தவரின் சிந்தனையை அளக்க முடியுமா? நாம் இன்று அதே வேலையைச் செய்து பார்ப்பதால் அவர்களைப் பற்றி உண்மையாகவே ஏதாவது தெரியவருமா, இல்லை நம்மைப் பற்றித்தான் தெரியவருமா? கைவேலை செய்பவர்கள் பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.


நார்க்கூடை எழுதியது:

மரப்பட்டை, நீங்கள் கேட்டது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பல வருடங்களாகப் பட்டையிலும் தண்டிலும் நார் எடுத்துக் கயிறும் வலையும் கூடையும் செய்து வருகிறேன்.

திரிக்கும் நேரத்தில் மனதில் என்ன ஓடுகிறது என்பதை முதலில் ஒதுக்கி வைத்துவிடுவோம். அது உங்களுக்கும் எனக்குமே மாறும். ஒருவர் பாடிக்கொண்டே திரிப்பார், இன்னொருவர் சண்டை போட்டுக்கொண்டே திரிப்பார். பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: எந்தப் படியைத் தாண்டிப் போக நார் விடாது?

அந்த ஆப்ரி து மாரா துணுக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அகலம் அரை மில்லிமீட்டர். ஒரு கற்செதிலின், அதாவது கல்லை அடித்துப் பெயர்த்த துண்டின், அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. மேலிருந்து பிற்காலத்தில் விழுந்திருந்தால் அங்கே போய் ஒட்டியிருக்க வழியில்லை. மூன்று புரி, அதாவது சேர்த்து முறுக்கும் மூன்று இழைகள். ஒவ்வொரு புரியும் ஒரு பக்கமாக முறுக்கப்பட்டு, மூன்றும் சேர்ந்து எதிர்ப்பக்கமாக முறுக்கப்பட்டிருக்கின்றன. பொருள், ஊசியிலை மர வகை ஒன்றின் உள்பட்டை.

இதில் எதைத் தாண்டலாம்? உள்பட்டை எல்லாக் காலத்திலும் நன்றாக உரியாது. வசந்தத்திலும் கோடை தொடக்கத்திலும் மரத்தில் சாறு ஏறும்போதுதான் நீளமாக, வளைந்துகொடுத்து வரும். மற்ற காலங்களில் இழுத்தால் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். ஆக, தேவை வரும் நாளில் போய் உரித்துக்கொள்ளலாம் என்பது நடக்காது. உரித்த பட்டை அப்படியே மெல்லிய நாராகவும் ஆகாது. தண்ணீரில் ஊறப்போட்டால் பசை விட்டு அடுக்கடுக்காகப் பிரியும். ஊறும் நாட்களில் நீங்கள் செய்யக் கூடியது எதுவும் இல்லை, அது அங்கே கிடக்கிறது என்பதை மனதில் வைத்திருப்பதைத் தவிர. பிறகுதான் முறுக்கு. ஒரே பக்கமாக முறுக்கிய நார் கையை எடுத்த மறுநொடி பிரிந்துவிடும். அந்தப் பிரியும் வேகத்தையே பிடித்து, எதிர்ப்பக்கம் திருப்பி, ஒன்றையொன்று பூட்ட வைத்தால்தான் கயிறு நிற்கும்.

எண்ணிக்கையைப் பற்றிக் கேட்டீர்கள். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ண வேண்டியதில்லை என்பது சரிதான். ஆனால் மூன்று புரியும் ஒரே தடிமனாக இருந்தே ஆக வேண்டும். ஒன்று மெலிந்தால் அது மற்றவற்றின் மேல் கொடி போலச் சுற்றிக்கொள்ளும். தடித்த புரி நேராக நின்று பாரம் முழுவதையும் தானே தாங்கி அறுந்துபோகும். உங்கள் விரல் அந்த மெலிவை நீங்கள் அறியும் முன்பே உணர்ந்து புது நாரைச் செருகுகிறது. அதுவும் மூன்று புரியிலும் ஒரே இடத்தில் செருகாமல் தள்ளித் தள்ளிச் செருகுகிறது, ஒட்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் விழுந்தால் கயிறு அங்கேயே விட்டுவிடும் என்பதால். எண்ணாமல் செய்கிறோம், ஆனால் சமம், எதிர், முறை என்ற மூன்று உறவுகளையும் கை விடாமல் காத்துக்கொண்டிருக்கிறது. இதை நான் சிந்தனை என்றுதான் சொல்வேன். சொல்லாக வெளியே வராததால் அது சிந்தனை இல்லை என்றாகிவிடுமா?

இன்னொன்று. கயிற்றுக்கென்று சொந்தமாக ஒரு வேலை கிடையாது. ஈட்டி குத்துவதற்கு, செதில் அறுப்பதற்கு. கயிறு? கட்டவும் தொங்கவிடவும் இழுக்கவும் வலை பின்னவும் ஆகும். இது எதற்கு என்று முடிவாகாமலேயே சுருட்டி வைத்துக்கொள்ளும் முதல் பொருட்களில் அது ஒன்றாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். இன்னும் வராத தேவைக்காகப் பாதி முடித்து வைக்கப்பட்ட பொருள். அதைச் செய்பவருக்கு நாளை என்ற ஒன்று நிச்சயமாக இருந்திருக்க வேண்டும்.


செதில் எழுதியது:

நார்க்கூடை எழுதியதை ரசித்துப் படித்தேன். ஆனாலும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. நான் கல் செதுக்குபவன். எங்கள் பக்கத்தில் இந்த வகை வாதம் எப்படிச் சறுக்கும் என்பதற்கு நல்ல உதாரணம் பிர்ச் தார்.

பிர்ச் மரப்பட்டையைச் சூடாக்கி எடுக்கும் கறுப்புப் பசை அது. கற்செதிலைக் கைப்பிடியில் ஒட்ட நியாண்டர்தால் மனிதர்கள் பயன்படுத்தினார்கள். இத்தாலியில் காம்பிதெல்லோ என்ற இடத்தில் கிடைத்தது சுமார் 2 லட்சம் ஆண்டுகள் பழையது. பட்டையைத் திறந்த நெருப்பில் போட்டால் எரிந்து போகும், காற்றில்லாமல் மூடிச் சூடாக்க வேண்டும், வெப்பத்தைக் கட்டுக்குள் வைக்க வேண்டும், ஆகவே அவர்களிடம் திட்டமிடும் சிந்தனை இருந்தது என்று பலரும் எழுதினார்கள். நார்க்கூடை சொன்ன அதே வாதம்தான்: பொருள் படியைத் தாண்ட விடாது.

2019-ல் ஒரு குழு செய்து காட்டியது என்ன தெரியுமா? வழவழப்பான ஒரு கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் அருகிலேயே பட்டையைத் திறந்தவெளியில் எரித்தார்கள். புகை கல்லின் மேல் படிந்து தாராக உறைந்தது. சுரண்டி எடுத்தால் போதும், ஒட்டும். குழியும் வேண்டாம், மூடியும் வேண்டாம். தாண்ட முடியாது என்று எல்லோரும் நம்பிய படி தாண்டக் கூடியதாகப் போயிற்று. அந்தத் தாரை வைத்துக் கட்டிய சிந்தனைக் கோபுரமும் ஆட்டம் கண்டது.

தூக்கணாங்குருவியையும் மறக்க வேண்டாம். இழையைக் கிழிக்கிறது, முடிச்சுப் போடுகிறது, மேலும் கீழுமாகக் கோத்துப் பின்னுகிறது. இளம் பறவையின் பின்னல் மோசமாக இருந்து பழகப் பழகத் தேறுகிறது. ஜோடி, எதிர், முறை எல்லாம் அதிலும் உண்டே?

நான் செதுக்கிய கைக்கோடரி அருங்காட்சியகத்தில் உள்ளது போலவே வந்தால், "இப்படியும் செய்யலாம்" என்பதுதான் எனக்குத் தெரியும். "இப்படித்தான் செய்தார்கள்" என்பது தெரியாது. இந்த இடைவெளியை உற்சாகத்தால் நிரப்பிவிடக் கூடாது.

அதற்காகக் கல் ஒன்றுமே சொல்லாது என்று நான் சொல்லவில்லை. பிரான்சில் எத்தியோல் என்ற இடத்தில், பனியுகத்தின் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்த குடியிருப்பில், சிதறிக் கிடந்த செதில்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பொருத்தி முழுக் கல்லாக்கிப் பார்த்தார்கள். எந்த அடி முதலில், எது பிறகு, எங்கே தப்பாக விழுந்தது என்பது எல்லாம் அதில் தெரிகிறது. அடுப்பின் அருகில் தேர்ந்த கைகளின் வேலை. தள்ளி, ஓரத்தில், பழகும் கைகளின் வேலை. நல்ல கல்லைப் பெரியவர்கள் வைத்துக்கொண்டார்கள். பழகுபவர்களுக்குச் சுமாரான கல். யாருடைய மனதுக்குள்ளும் எட்டிப் பார்க்காமலேயே, ஒருவர் பார்க்க இன்னொருவர் பழகிய ஓர் இடம் நம் கண் முன்னால் இருக்கிறது. இந்த மாதிரிச் சான்றைத்தான் நான் நம்புவேன். என் கை உணர்வதை அல்ல.


நார்க்கூடை எழுதியது:

செதில், பிர்ச் தாரை எடுத்ததற்கு நன்றி. ஆனால் அந்தக் கதையை நீங்கள் நடுவில் விட்டுவிட்டீர்கள். 2023-ல் ஜெர்மனியின் கோனிக்சாவ் என்ற இடத்தில் கிடைத்த இரண்டு தார்த் துண்டுகளை வேதியியல் முறையில் ஆராய்ந்தார்கள். பல முறைகளில் புதிதாகத் தார் காய்ச்சி, ஒவ்வொன்றின் கலவையையும் பழைய துண்டுகளோடு ஒப்பிட்டார்கள். கல்லில் படியும் எளிய முறையோடு அது பொருந்தவில்லை. மண்ணுக்கடியில், காற்று குறைவான இடத்தில் காய்ச்சியதோடு பொருந்தியது. 2019-ல் எளிய வழியைக் காட்டிய ஆய்வாளர்களில் ஒருவரே இந்த ஆய்வையும் நடத்தினார். எனக்கு அவர் மேல் அளவற்ற மரியாதை உண்டு.

என் வாதத்துக்கு இது பலம்தான். எது தாண்ட முடியாத படி என்பதை உட்கார்ந்து யோசித்தால் தெரியாது. எல்லா வழியிலும் செய்து பார்த்து, ஒவ்வொரு வழியும் பொருளில் என்ன தடம் விடுகிறது என்று பார்த்து, அந்தத் தடத்தைப் பழைய பொருளில் தேட வேண்டும். கைவேலை செய்பவரின் பங்கு அங்கேதான் வருகிறது. என் கை உணர்வது சான்று ஆகாது என்பதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதைத் தேடுவது என்பதை அந்தக் கைதான் காட்டிக்கொடுக்கிறது.

சிப்பிகளைப் பாருங்கள். இஸ்ரேலில் மிஸ்லியா, கஃப்ஸே என்று இரண்டு குகைகள். மிஸ்லியாவில் 1,60,000 ஆண்டுகளுக்கும் முந்தைய சிப்பிகள், துளையில்லாதவை. கஃப்ஸேயில் சுமார் 1,20,000 ஆண்டு பழைய சிப்பிகள். துளை கடலிலேயே இயற்கையாக விழுந்தது. அப்படித் துளை விழுந்தவற்றையே பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அந்தத் துளையின் ஓரத் தேய்மானம் எதனால் ஆனது என்று அறிய, காட்டு ஆளி நாரில் கயிறு திரித்துப் புதிய சிப்பிகளைக் கோத்துத் தொங்கவிட்டு உரசிப் பார்த்தார்கள். அதே தேய்மானம் வந்தது. கயிறு மட்கிப் போய்விட்டது, ஆனால் அது உரசிய இடம் மிஞ்சியிருக்கிறது. நார் திரிக்கத் தெரிந்தவர் ஒருவர் இல்லாமல் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே முடியாது.

ஜெர்மனியின் ஹோஹ்லே ஃபெல்ஸ் குகையிலும் இதே கதைதான். மாமத் என்ற அழிந்துபோன யானை வகையின் தந்தத்தில் செய்த கோல், சுமார் 20 சென்டிமீட்டர், வரிசையாக நான்கு துளைகள், துளைகளுக்குள் சுருள் வடிவில் வெட்டிய பள்ளங்கள். 35,000 ஆண்டுகளுக்கு மேல் பழையது. இப்படித் துளையிட்ட கோல்களை முன்பெல்லாம் அதிகாரச் சின்னம் என்றும் ஈட்டியை நிமிர்த்தும் கருவி என்றும் சொல்லிவந்தார்கள். அதே மாதிரி ஒன்று செய்து, துளைக்கு ஒரு புரியாக நாரைச் செலுத்தி, சிலர் சேர்ந்து இழுத்தபோது தடித்த கயிறு ஒழுங்காக வந்தது. எனக்கு இதில் பிடித்ததே அந்த "சிலர் சேர்ந்து" என்பதுதான். ஒருவர் புரிக்கு நார் கொடுக்க, இன்னொருவர் கோலைப் பிடித்து நகர்த்த, எல்லோருடைய வேகமும் ஒத்துப்போக வேண்டும். தனியாக ஒரு மேதை நெருப்பருகில் உட்கார்ந்து கண்டுபிடிக்கும் படம் நம் எல்லோருடைய தலையிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதை இந்தக் கோல் கலைத்துவிடுகிறது.

தூக்கணாங்குருவி விஷயம்: அதன் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது இழையைக் கிழித்துச் சேர்த்து வைத்து, நாளைக்கு வேறொன்றுக்கு எடுத்துக்கொள்வதில்லை. இழை நேராகக் கூட்டுக்குள் போகிறது. வசந்தத்தில் உரித்து, ஊறப்போட்டு, திரித்துச் சுருட்டி, குளிர்காலத்தில் வலைக்கு எடுக்கும் அந்த நீண்ட இடைவெளிதான் மனிதக் கயிறு. அந்த இடைவெளியைத்தான் நான் சிந்தனை என்று மதிக்கிறேன், விரல் வித்தையை அல்ல.

மனம் உறுத்தும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். செக் நாட்டில் தோல்னி வெஸ்தொனிட்சே, பாவ்லோவ் என்ற இடங்களில் தோண்டியபோது சுட்ட களிமண் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றில் துணி, வலை, கயிறு பதிந்த தடங்கள் இருந்தன. 26,000 ஆண்டுகளுக்கு முன் நெய்தவர்களின் தடம். ஆனால் அதைத் தடம் என்று யாரும் பார்க்கவில்லை. 1990-களில்தான் கூடைப் பின்னலையும் நெசவையும் நுணுக்கமாக அறிந்த ஒருவர் பார்த்ததும் அது வெளியே வந்தது. மாமத் வேட்டையாடும் ஆண்களையே தேடிக்கொண்டிருந்த கண்ணுக்கு வலை தெரியவில்லை. வலை என்றால் சிறு விலங்குகள். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் சேர்ந்து வளைத்துப் பிடிக்கும் வேட்டை அது. மட்கும் பொருளைத் தவிர்த்துவிட்டு ஆதிமனித வாழ்க்கையை எழுதினால், பாதிப் பேரைத் தவிர்த்துவிட்டு எழுதியதாகிறது.


பாறையோவியம் எழுதியது:

கைவேலை செய்யாதவள், வாசகி மட்டுமே. இந்த விவாதத்துக்கு ஒரு பழைய பின்னணி உண்டு என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன்.

ஐரோப்பாவில் நூறாண்டுகளுக்கு முன் லெவி-ப்ரூல் என்ற தத்துவ அறிஞர், எழுத்தறியாச் சமூகங்களின் மனம் நம் தர்க்கத்துக்கு முந்திய வேறொரு முறையில் இயங்குகிறது என்று எழுதினார். அவர் அந்த மக்களிடையே வாழ்ந்ததில்லை. பிறர் எழுதியனுப்பியதைப் படித்தே எழுதினார். தன் கடைசிக் காலக் குறிப்பேடுகளில் அந்தக் கருத்தைத் தானே தளர்த்திக்கொண்டார் என்பது அவருடைய நேர்மைக்குச் சான்று. மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் வேறு திசையில் போனவர். 1883-ல் வடதுருவப் பகுதியிலுள்ள பாஃபின் தீவுக்குப் போய் அங்கே வாழும் இனுயிட் மக்களோடு குளிர்காலத்தைக் கழித்தார். பிற்காலத்தில் அலங்காரக் கலையைப் பற்றி எழுதும்போது, தேர்ந்த கையின் சீரான அசைவிலிருந்தே ஒழுங்கான வடிவம் பிறக்கிறது என்றார். கூடை பின்னுபவரின் வரிசையில் தெரியும் அழகை முதலில் திறமையாகப் பார்க்கச் சொன்னார். குறியீடு தேடுவது அப்புறம். நார்க்கூடை சொல்வது அந்த வழியில் வருகிறது.

எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான். இன்று காட்டில் வாழ்ந்து நார் திரிக்கும் மக்களைக் காட்டி "ஆதிமனிதர் இப்படித்தான் இருந்தார்" என்று தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம். அவர்களுக்கும் நமக்குப் பின்னால் இருக்கும் அதே நீளமான வரலாறு இருக்கிறது. அவர்கள் இன்றைய மனிதர்கள். அவர்களிடமிருந்து நார் எடுக்கும் முறையைக் கற்கலாம், நன்றியோடு. அவர்களைக் கடந்த காலத்தின் மிச்சமாக ஆக்கக் கூடாது.


செதில் எழுதியது:

பாறையோவியம் சொன்னதை அப்படியே ஏற்கிறேன்.

நார்க்கூடை, 2023 ஆய்வைச் சேர்த்துப் பார்க்கும்போது தார் விஷயத்தில் உங்கள் பக்கம் வலுவாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் "பருவம்" வாதத்தில் எனக்கு இன்னும் தயக்கம். புயலில் விழுந்த மரம், நீரில் தானாக ஊறிக் கிடந்த கிளை, இவற்றிலிருந்தும் நார் பிரிந்து வரும் அல்லவா? முதல் கயிறு அப்படித் தொடங்கியிருக்கலாம். திட்டம் பிறகு வந்திருக்கலாம்.


நார்க்கூடை எழுதியது:

வரும், செதில். ஓடையில் ஊறிக் கிடந்த கிளையிலிருந்து நானே எடுத்திருக்கிறேன், அருமையான நார். தொடக்கம் அப்படி இருந்திருக்கும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. நீர் செய்து வைத்ததைக் கண்ட ஒருவர், அடுத்த முறை தானே பட்டையை நீரில் போட்டார் என்றால், அந்த இரண்டுக்கும் நடுவில் நடந்ததுதான் நாம் தேடுவது. ஆப்ரி து மாரா துணுக்கு அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் என்று அந்தத் துணுக்கு மட்டும் சொல்லாது. ஆனால் மூன்று புரியும் எதிர் முறுக்கும் சமமான தடிமனும் முதல் முயற்சியில் வருபவை அல்ல. அதற்குப் பின்னால் நிறையக் கயிறு திரித்த கைகள் இருந்திருக்கின்றன. அந்தக் கயிறுகள் எல்லாம் மட்கிவிட்டன.


மரப்பட்டை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டு முடிக்கிறேன். இனி நான் செய்வது வெறும் பொழுதுபோக்காக இல்லாமல் எதையாவது கற்பதாக இருக்க வேண்டுமானால் எப்படிச் செய்வது?


நார்க்கூடை எழுதியது:

ஒரே ஒரு செடியை எடுத்துக்கொண்டு கடைசி வரை போங்கள். நின்ற செடியில் தொடங்கி, அறுத்து, ஊறப்போட்டு, பிரித்து, திரித்து, ஒரு சிறு வலை வரை. கத்தி வேண்டாம், செதிலிடம் கேட்டால் ஒரு கற்செதில் எப்படி உடைப்பது என்று சொல்லித் தருவார். எந்தப் படி அலுப்பாக இருக்கிறது, எதைத் தவிர்க்க மனம் தேடுகிறது என்பதைக் குறித்துவையுங்கள். பிறகு அதைத் தவிர்த்தும் செய்து பாருங்கள். இரண்டு கயிறுகளையும் ஒரே பாரத்தில் தொங்கவிட்டு, உருப்பெருக்கியில் ஓரங்களைப் படம் எடுத்து இங்கே போடுங்கள்.

நார் சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும்போது திரிக்காதீர்கள். காய்ந்ததும் சுருங்கி முறுக்கு தளர்ந்துவிடும். பிழிந்துவிட்டு, தொட்டால் குளிர்ச்சி தெரியும் அளவு ஈரம் இருந்தால் போதும். ஒட்டுப் போடும் இடத்தில் நார் நுனியைக் கொஞ்சம் மெலிதாக்கிக்கொண்டு செருகுங்கள், இல்லையென்றால் அங்கே முடிச்சு போலத் தடித்து நிற்கும்.


செதில் எழுதியது:

செதிலுக்கு முதலில் கையுறை, கண்ணாடி. கண்ணைக் காத்துக்கொள்ளாமல் கல்லை உடைக்கவே கூடாது, சிதறும் தூளும் நுரையீரலுக்குக் கெடுதல், அதனால் காற்றோட்டமான வெளியில் உட்காருங்கள். கையில் எந்த வகைக் கல் இருக்கிறது என்று எழுதுங்கள், எங்கே அடிப்பது என்று படம் போட்டு அனுப்புகிறேன்.